துறைமுகமும் துபாஷியும்



இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று சொல்லும் துறைமுகம் 1901-ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972-இல்தான் இப்போதைய பெயர் வந்தது. நம்மில் பலருடைய பாட்டனாரும் பாட்டியாரும் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, இந்தத் துறையில் வந்து இறங்கியவர்கள். இறங்கியவர்களிடம் முதலில் கேட்கப்பட்டது பெயரும் ஊரும். கேட்ட அதிகாரிக்குத் தமிழ் சரியாக வராது. சொன்னவருக்கு ஆங்கிலம் அறவே தெரியாது. இருவருக்கும் நடுவே ஒருவர் நின்றார். அவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் பெயர் ஏட்டில் ஏறியது. ஒரே தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தம்பிகளின் அடையாளக் கார்டில் தகப்பன் பெயர் இரண்டு விதமாக இருப்பதை இன்றும் சில குடும்பங்களில் காணலாம்.

அந்த நடுவில் நின்ற மனிதரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அவருக்குத் தமிழில் பழைய பெயர் துபாஷி, அதாவது இரு மொழிக்காரர். மலாயில் ஜூருபாஹாசா என்பார்கள்.

இதைப் பேச ஒரு காரணம் உண்டு. பால்மரம் சீவியே பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயார் அண்மையில் என்னிடம் வந்தார். அவருடைய கடைசி மகள் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி படித்து மொழிபெயர்ப்பாளராகப் போகிறேன் என்கிறாளாம். "டாக்டருக்குப் படிக்கிறேன்னா புரியுது, வக்கீலுக்குப் படிக்கிறேன்னா புரியுது. இது என்னங்க படிப்பு? நமக்கும் அந்த நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டில் பணம் குறைவாக இருக்கும்போது நான்கு ஆண்டுகள் சிறு விஷயம் அல்ல. அன்று அவருக்கு அரைகுறையாகச் சொன்னதை இன்று சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சம்பந்தம் நம் மலாக்காவிலேயே தொடங்குகிறது. 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன் அது கடல் வாணிகத்தின் பெருஞ்சந்தை. அங்கே எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டன என்று தொமே பீரிஸ் என்ற போர்த்துகீசியர் எழுதி வைத்திருக்கிறார். குஜராத்தியர், தமிழர், சாவகர், சீனர் எல்லாரும் கூடும் இடத்தில் பேரம் பேச ஆள் வேண்டாமா? இரண்டு மொழி தெரிந்தவனுக்கு அன்று வேலைக்குப் பஞ்சமே இருந்திராது.

அந்தப் படையெடுப்பில் கலந்துகொண்டவர்களில் மெகல்லன் என்ற போர்வீரர் ஒருவர். அவர் மலாக்காவில் ஓர் இளைஞனை அடிமையாக வாங்கி, ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார். அவனுக்குக் கிறிஸ்தவப் பெயராக என்ரிக்கே என்று வைத்தார்கள். பெற்றோர் இட்ட பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பிற்காலத்தில் ஹாருன் அமினுர்ரஷீத் என்ற மலாய் எழுத்தாளர் தம் நாவலில் அவனுக்குப் பங்லிமா ஆவாங் என்று பெயர் சூட்டினார். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்தான் தெரியும்.

மெகல்லனுக்குப் போர்ச்சுகல் மன்னரோடு மனத்தாங்கல். அவர் ஸ்பெயின் மன்னரிடம் போய்ச் சேர்ந்து, மேற்கே போய்க் கிழக்கைப் பிடிக்கிறேன் என்றார். 1519 செப்டம்பரில் ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. என்ரிக்கேயும் ஏறினான். புறப்படுமுன் மெகல்லன் எழுதிய உயிலில் அவன் மலாக்கா நகரத்தவன், வயது இருபத்தாறு அளவில் என்று குறிப்பிட்டு, தாம் இறந்தால் அவனுக்கு விடுதலையும் பத்தாயிரம் மரவேதி காசும் தரவேண்டும் என்று எழுதினார்.

பசிபிக் பெருங்கடலை, எலியைத் தின்றும் பாய்மரத் தோலை ஊறவைத்துத் தின்றும் கடந்து, 1521 மார்ச்சில் இன்றைய பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தார்கள். மார்ச் 28-ஆம் நாள் ஒரு சிறு படகு கப்பலை நோக்கி வந்தது. அதில் எட்டுப் பேர். என்ரிக்கே தன் மொழியில் குரல் கொடுத்தான். அவர்களுக்கு அது புரிந்தது! அந்தப் பயணத்தைக் கூடவே இருந்து எழுதிய பிகஃபெத்தா என்ற இத்தாலியர் இதைக் குறித்திருக்கிறார். உலகத்தை மேற்கு வழியாகச் சுற்றி வந்தும் கிழக்கின் மொழி கேட்கும் கரைக்கு வந்துவிட்டோம் என்று கப்பலில் இருந்தவர்களுக்கு உறைத்தது அந்த நேரத்தில்தான். வரைபடம் சொல்லாததை ஓர் அடிமையின் மொழி சொல்லிற்று.

சிபு தீவில் இன்னொரு நிகழ்ச்சி. அந்தத் தீவின் அரசர் துறைமுக வரி கேட்டார். அங்கிருந்த ஒரு முஸ்லிம் வணிகர், "ஐயா, ஜாக்கிரதை, கள்ளிக்கோட்டையையும் மலாக்காவையும் பிடித்தவர்கள் இவர்கள்தாம்" என்னும் கருத்தில் அரசரை எச்சரித்தார். துபாஷிக்கு அது புரிந்துவிட்டது. உடனே அவன் தன் எசமானனின் மன்னர் அவர்களைவிடப் பெரியவர் என்று பதில் சொன்னான். நினைத்துப் பாருங்கள். மலாக்கா வீழ்ந்தபோது விலைப்பொருளானவன், மலாக்காவின் வீழ்ச்சியையே எச்சரிக்கையாகச் சொல்லும் பேச்சைக் கேட்டு, அதற்கு எசமானன் சார்பில் மறுமொழி சொல்கிறான். அந்த வேளையில் அவன் மனத்தில் என்ன ஓடியது என்பதை எந்த ஏடும் எழுதவில்லை. துபாஷியின் மனத்தை யாரும் கேட்பதில்லை.

1521 ஏப்ரல் 27-இல் மெகல்லன் மக்தான் தீவில் கொல்லப்பட்டார். உயிலின்படி என்ரிக்கே அன்றே விடுதலை பெற்றிருக்க வேண்டும். தலைமை ஏற்ற பர்போசா, "நீ இன்னும் அடிமைதான், ஊர் போய்ச் சேர்ந்ததும் மெகல்லனின் மனைவிக்கு ஊழியம் செய்ய வேண்டும், வேலைக்குப் போகாவிட்டால் சாட்டை" என்று மிரட்டினார். மே மாதம் முதல் நாள் சிபு அரசர் வைத்த விருந்தில் ஸ்பானியர் பலர் வெட்டப்பட்டனர். என்ரிக்கேதான் அரசரோடு சேர்ந்து சதி செய்தான் என்பது பிகஃபெத்தாவின் குற்றச்சாட்டு. அதன் பிறகு அவன் பெயரே ஏட்டில் இல்லை. ஸ்பெயினுக்குத் திரும்பிய ஒரே கப்பலில், 1522-இல், பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பிகஃபெத்தா கொண்டுபோன குறிப்பேட்டில் நானூறுக்கும் மேற்பட்ட மலாய்ச் சொற்கள் பொருளோடு இருந்தன. அந்தச் சொற்களில் பலவற்றை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் யார் என்று நாம் ஊகிக்கலாம். நூலாசிரியர் பெயர் இருக்கிறது, ஆசிரியன் பெயர் இல்லை.

அதே 1519-இல், பூமியின் மறுபக்கத்தில் மெக்சிகோவில் நடந்ததும் இதே கதையின் இன்னொரு பாதி. ஸ்பானியத் தளபதி கோர்த்தேசுக்கு அங்குள்ள மொழி தெரியாது. கப்பல் உடைந்து எட்டு ஆண்டு மாயா மக்களிடம் வாழ்ந்த அகிலார் என்ற ஸ்பானியர் கிடைத்தார். அவருக்கு மாயா மொழி தெரியும். பிறகு அடிமைப் பெண்கள் இருபது பேர் காணிக்கையாகக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களில் மலின்சின் என்னும் பெண்ணுக்கு மாயா மொழியும் தெரியும், அஸ்தேக் அரசின் நஹுவாத்தல் மொழியும் தெரியும். கோர்த்தேஸ் ஸ்பானியத்தில் சொல்ல, அகிலார் மாயாவில் சொல்ல, அவள் நஹுவாத்தலில் சொல்ல, பேரரசர் கேட்டார். பதில் அதே வழியில் திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் அவளே ஸ்பானியம் கற்றுக்கொண்டாள். அகிலாருக்கு வேலை போயிற்று. மெக்சிகோவில் இன்றும் அந்நிய மோகம் கொண்டவனை அவள் பெயரை வைத்துத்தான் திட்டுகிறார்கள். விற்கப்பட்டவளைத் துரோகி என்பது சரியா என்று அந்நாட்டு அறிஞர்களே கேட்கிறார்கள். எனக்கும் அது சரியாகப் படவில்லை.

நடுவில் நிற்பவர் எதையும் கூட்டலாம், குறைக்கலாம், காசு வாங்கிக்கொண்டு மாற்றலாம். இதை ஸ்பானிய அரசு சீக்கிரமே கண்டுகொண்டது. 1529 முதல் துபாஷிகளுக்கென்றே சட்டங்கள் வரத் தொடங்கின. பூர்வீகக் குடிகளிடம் நகையோ துணியோ உணவோ வாங்கக்கூடாது என்றது ஒரு கட்டளை. 1537-இல் வந்த கட்டளை எனக்கு மிகவும் பிடித்தது. சாட்சி சொல்லப் போகும் பூர்வீகக் குடிமகன், மொழி தெரிந்த தன் நண்பர் ஒருவரைக் கூட அழைத்துப் போகலாம். துபாஷி சொல்வது சரிதானா என்று அந்த நண்பர் கவனிப்பார். 1563-இல் வந்த விதிகளின்படி, எதையும் மறைக்காமல், எதையும் சேர்க்காமல், கேட்டதைத் தெளிவாகச் சொல்வேன் என்று துபாஷி சத்தியம் செய்ய வேண்டும். இவையெல்லாம் 1681-இல் ஒரே தொகுப்பாக அச்சாயின. சட்டம் ஏட்டில் இருந்த அளவுக்கு நடைமுறையில் இருந்ததா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் இது ஒரு தொழில், இதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்ற எண்ணம் அங்கே எழுத்தில் வந்துவிட்டது.

இது வாய்மொழியாகச் செய்யும் மொழிபெயர்ப்பின் கதை. எழுத்தில் செய்வதற்கு ஸ்பெயினில் இன்னும் பழைய வரலாறு உண்டு. தொலேதோ நகரில் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் முஸ்லிம், யூத, கிறிஸ்தவ அறிஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து அரபு நூல்களை மொழிபெயர்த்தார்கள். கணிதமும் வானநூலும் மருத்துவமும் ஐரோப்பாவுக்குப் போன வழிகளில் அது ஒன்று. அந்தக் காலத்தில், 1251-இல், ஸ்பானியத்தில் வந்த ஒரு கதைநூலின் பெயர் கலீலாவும் திம்னாவும். பெயர் புதிதாக இருக்கும். கதை நமக்குப் புதிதல்ல. சிங்கமும் காளையும், நடுவே கோள் மூட்டும் நரிகளும் வரும் நம் பஞ்சதந்திரம்தான் அது! வடமொழியிலிருந்து பழைய பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபுக்கும், அரபிலிருந்து ஸ்பானியத்துக்கும் போயிருக்கிறது.

இதே பஞ்சதந்திரம் இன்னொரு வழியாக நம் நாட்டுக்கு வந்தது. மலாக்காவில் 1835-இல் அதைத் தமிழிலிருந்து மலாய்க்கு மொழிபெயர்த்தவர் முன்ஷி அப்துல்லா. தமிழ் நண்பர் ஒருவர் துணை செய்தார். அப்துல்லாவின் கொள்ளுப்பாட்டனார் அரபு நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்தவர். 1796-இல் மலாக்காவில் பிறந்த அப்துல்லா சிறுவயதில் இரண்டரை ஆண்டு தமிழ் படித்தார். கணக்குக்கும் வாணிகத்துக்கும் தமிழ் வேண்டும் என்பதால், மலாக்காவில் வசதியுள்ளவர் தம் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்புவது அக்கால வழக்கம் என்று அவரே தம் வரலாற்றில் எழுதுகிறார். தமிழ் அன்று பிழைப்புக்கான மொழியாக இருந்தது. மற்றவர்கள் நம்மிடம் வந்து படித்தார்கள்.

ரஃபிள்ஸிடம் எழுத்தராக வேலை பார்த்து, பின்பு பாதிரிமார்களுக்கு மலாய் கற்றுக்கொடுத்து, அவர்களோடு சேர்ந்து மொழிபெயர்த்தவர் அப்துல்லா. வெள்ளையர்கள் ஆங்கில வாக்கியத்தின் கட்டை அப்படியே வைத்துக்கொண்டு மலாய்ச் சொற்களை அதில் சொருகுவதைக் கண்டு அவர் நொந்துகொண்டார். சொல் மலாயாக இருந்தாலும் பேச்சு மலாயாக இல்லை என்பது அவர் குறை. இன்றைய பல்கலைக்கழக வகுப்பில் முதல் பாடமே இதுதான்.

இதற்கு என் வீட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. என் பாட்டியைப் பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். "நெஞ்சு கரிக்குதுய்யா" என்றார். புளியேப்பம், வேறொன்றும் இல்லை. உதவிக்கு நின்றவர் அதை "சாக்கிட் டாடா", நெஞ்சு வலி, என்று சொல்லிவிட்டார். பாட்டியைக் கட்டிலில் கிடத்தி, இருதயத்துக்கு இரண்டு நாள் சோதனை செய்தார்கள். பாட்டி பிழைத்தார், சிரித்தோம். தவறு மறுபக்கமாக நடந்திருந்தால், உண்மையான நெஞ்சு வலியைப் புளியேப்பம் என்று சொல்லியிருந்தால், சிரிக்க ஆள் இருந்திருக்காது.

தோட்டத்து மக்களுக்கு இந்த விஷயம் நன்றாகவே தெரிந்திருந்தது. பெரட்டில் துரை சொன்னதைக் கிராணி சொல்ல, கிராணி சொன்னதைக் கங்காணி சொல்ல, வெட்டுக்காட்டுக்குப் போனவர்கள் அவர்கள். மேலே இருந்து கீழே வரும் வார்த்தை எப்படியும் வந்து சேரும். கீழே இருந்து மேலே போகும் குறைதான் வழியில் காணாமல் போகும். 1941-ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடையை மூடுவது, துரைக்கு முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை ஆகியவை கோரிக்கைகளில் சில. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. கொடுமை செய்யும் அலுவலர்களை நீக்கிவிட்டுத் தமிழ் பேசத் தெரிந்தவர்களை அமர்த்த வேண்டும் என்பது அது. கூலியோடு கூலியாக, எங்கள் பேச்சு புரிகிற ஆள் வேண்டும் என்றும் கேட்டார்கள். தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர்.

அதே 1941-இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று பல்கலைக்கழகப் பள்ளி ஒன்று தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பில்லைதான். ஆனால் ஒரே ஆண்டில் ஓரிடத்தில் துபாஷி படிப்பாகிறான், இன்னோரிடத்தில் துபாஷி கேட்டவர்கள் சுடப்படுகிறார்கள் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1945 நவம்பரில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் போர்க்குற்ற விசாரணை தொடங்கியபோது இந்தத் தொழில் ஒரு பெரிய அடி எடுத்து வைத்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளில், பேசுபவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மொழிபெயர்ப்பு காதில் மாட்டிய கருவி வழியே கேட்டது. குழுவுக்குப் பன்னிருவராக மூன்று குழுக்கள். பேச்சு வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். பிறகு ஐக்கிய நாடுகள் சபை இந்த முறையை எடுத்துக்கொண்டது. அங்கே இன்று ஆறு மொழிகள் ஆட்சிமொழிகள். ஸ்பானியம் அவற்றில் ஒன்று. ஸ்பெயினிலேயே 1972-இல் பார்சிலோனாவிலும், 1979-இல் கிரனாடாவிலும் மொழிபெயர்ப்புப் பள்ளிகள் வந்தன. 1991-இல் அது முழுப் பட்டப்படிப்பாயிற்று.

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். ஸ்பானியம் இருபது நாடுகளின் ஆட்சிமொழி. தாய்மொழியாகப் பேசுவோர் ஏறத்தாழ ஐம்பது கோடி. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் துறையில் ஸ்பானிய மொழிக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புக்கென்றே பட்டம் உண்டு. அங்கே முக்கியமாக மலாயும் ஆங்கிலமும். ஸ்பானியத் தேர்ச்சிக்கு டேலே என்றொரு சர்வதேசத் தேர்வு உண்டு, ஆறு படிகள். மேல் படிகளைத் தொட்டவர்களைத்தான் இந்தத் தொழிலில் மதிப்பார்கள்.

வேலை? கப்பல் நிறுவனம், ஏற்றுமதி நிறுவனம், தூதரகம், பதிப்பகம், சுற்றுலா, நீதிமன்றம். போர்ட் கிள்ளானில் இருபதடிப் பெட்டிக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேல் பெட்டிகள் ஏறி இறங்குகின்றன. தென் அமெரிக்காவோடு வாணிகம் செய்பவனுக்கு ஒப்பந்தத்தில் ஒரு சொல் பிசகினால் சரக்கு துறையிலேயே கிடக்கும். நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். ஸ்பானியம் மட்டுமே தெரிந்த ஒருவர் நம் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றால், அவருடைய உயிர் ஒரு துபாஷியின் நாவில் இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. ஸ்பானியம் மட்டும் சோறு போடாது. அதோடு ஆங்கிலமும் மலாயும் பிழையின்றி எழுத வர வேண்டும். மாதச் சம்பள வேலை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. பக்கக் கணக்கில் கூலி வாங்கிப் பிழைப்பவர்களே அதிகம். சாதாரணக் கடிதங்களை இப்போது கணினியே மொழிபெயர்த்துவிடுகிறது, அந்த வேலை குறைந்துகொண்டு வருகிறது. கணினி சத்தியம் செய்யாது, தவறுக்குப் பொறுப்பேற்காது. ஆகவே நீதிமன்றம், மருத்துவம், ஒப்பந்தம் ஆகிய இடங்களில் ஆள் தேவைப்படுகிறது. அரைகுறை ஆளுக்கு அங்கே இடமில்லை. கூடத்தில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் இரண்டு பேராக உட்கார்ந்து, இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் மூளை தாங்காது.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு முதல் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாயும் ஆங்கிலமும், கடைத்தெருவில் கொஞ்சம் ஹொக்கியன். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பழக்கம் ஐந்து வயதிலேயே வந்துவிடுகிறது. ஐரோப்பாவில் காசு கொடுத்துப் பழகுவதை இவர்கள் தெருவில் பழகியிருக்கிறார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த மகளும் பக்கத்தில் இருந்தாள். ஒரு தாள் எடுத்துச் சில ஸ்பானியச் சொற்களை எழுதினேன். மேசா என்றால் மேசை. எஸ்குவேலா என்றால் பள்ளி, மலாயில் செகோலா. தொமிங்கோ என்றால் ஞாயிறு, மலாயில் மிங்கு. கமீசா என்றால் சட்டை, மலாயில் கெமேஜா. ஸ்பானியத்துக்கு உடன்பிறந்த மொழியான போர்த்துகீசியம் மலாக்காவிலும் தமிழ்நாட்டுக் கரையிலும் விட்டுப்போன சொற்கள் இவை. கடைசியாக சபாத்தோ என்று எழுதி, அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். மகள் யோசித்தாள். தாயார் முந்திக்கொண்டார்.

"சப்பாத்து தானே? பள்ளிக்கூடம் தொறக்குறப்பெல்லாம் இவளுக்கு வாங்கிக் குடுத்துட்டுத்தானே இருக்கேன்!"